பரிமாற்ற வருகையாளரும் அமெரிக்க வருமான வரியும்

2025 ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே, என்னிடம் கல்வி கற்றுப் பின்னர் ஆசிரியையாகப் பணிபுரிந்த ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு மடல் வந்தது. அவர் அப்போது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே, பரிமாற்ற ஆசிரியை என்ற முறையில் ஒரு பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தார். மடலின் சாரம் இதுதான்: "ஐயா, நான் இங்கு வந்து பத்தொன்பது மாதங்களே ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு வரி இல்லையென்று சொல்லியிருந்தார்கள். ஆயினும் இந்த ஆண்டு சனவரிச் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 7.65 வீதம் பிடித்துக்கொள்கிறார்கள். வேறு மாநிலத்திற் படிக்கும் தம்பிக்கோ, கட்டிய வருமான வரி 600 டொலரும் திரும்பி வந்துவிட்டது. எனக்கு மாத்திரம் ஏன் இப்படி?"

கலைப் பட்டதாரியாகிய என்னிடம் வரிக் கணக்கைக் கேட்பானேன் என நேயர்கள் எண்ணலாம். அவர் விடுமுறை பெற்றுச் சென்றபோது பத்திரங்களிற் கையொப்பமிட்டவன் நான். அந்த உரிமையினாற் கேட்டார். அமெரிக்க உள்நாட்டு இறைவரிச் சேவை, அந்நாட்டவர் அல்லாதாருக்கென ஆண்டுதோறும் வெளியிடும் 519 ஆம் இலக்க வழிகாட்டி நூலை நானும் வரிவரியாக வாசிக்க நேர்ந்தது. வாசித்து முடித்தபோது ஒரு வேடிக்கை புலனாயிற்று. தவறெனச் சகோதரி முறையிட்ட கழிவு சரியானது. அவர் கவனியாது விட்ட வேறொரு கழிவே தவறானது. தம்பிக்குக் கிடைத்த 600 டொலரோ அவருக்கு உரியதன்று.

பரிமாற்ற வருகையாளர் எனப்படுவோர் யாவர் என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின் பின், 1946 இல், புல்பிறைற் புலமைப்பரிசில் திட்டம் தோன்றியது. நமது நாட்டுடன் அதற்கான ஒப்பந்தம் 1952 இல் ஏற்பட்டது. 1961 இல் நிறைவேறிய சட்டமொன்று, கல்வி, கலாசாரப் பரிமாற்றத்தின்பொருட்டு வருவோருக்கென 'ஜே' என்னும் விசா வகையை ஏற்படுத்தியது. இன்று மாணவர், ஆராய்ச்சியாளர், பேராசிரியர், பாடசாலை ஆசிரியர், பயிலுநர் எனப் பல திறத்தினர் இந்த ஜே-1 விசாவிலே செல்கின்றனர். குடியேறுவது இவர்கள் நோக்கமன்று. சில காலம் தங்கிப் படித்தோ பணிபுரிந்தோ மீள்வதே நோக்கம். ஆயினும் அங்கே ஊதியம் பெறுவோர் அங்கே வரியும் செலுத்த வேண்டும். விருந்தாளிதானே என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

இனி, இவ்விடயத்தின் ஆணிவேர் போன்ற ஒரு சொல்லுக்கு வருவோம். வரிச் சட்டத்திலே ஒருவர் 'வதிபவர்' அல்லது 'வதிவற்றவர்' என்னும் இரண்டில் ஒன்றாக இருப்பார். வீடு வாடகைக்கு எடுத்து, வங்கிக் கணக்குத் திறந்து, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவர் வதிபவரே என்று நமது பொதுப் புத்தி கூறும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1984 இல் அமெரிக்கப் பேரவை இதனை நாட்கணக்காக்கிவிட்டது. ஓராண்டிலே குறைந்தது 31 நாட்கள் அங்கிருந்திருக்க வேண்டும். அந்த ஆண்டின் நாட்கள் முழுமையாகவும், முந்திய ஆண்டின் நாட்களில் மூன்றிலொரு பங்கும், அதற்கு முந்திய ஆண்டின் நாட்களில் ஆறிலொரு பங்கும் கூட்டி 183 வந்தால் அவர் வதிபவர். பாடசாலை வரவு இடாப்பைப் பார்த்து ஒரு பிள்ளை பரீட்சைக்குத் தோற்றத் தகுதியுடையதா என நாம் தீர்மானிப்பது போன்றதே இது. பிள்ளையின் மனம் பாடசாலையில் இருந்ததா என்று இடாப்புக் கேட்பதில்லை.

ஆனால் பரிமாற்ற வருகையாளருக்கு இந்த இடாப்பிலே ஒரு சலுகை உண்டு. அவர்கள் அங்கிருந்தாலும், குறித்த காலம் வரை அவர்களுடைய நாட்கள் எண்ணப்படா. ஜே-1 மாணவருக்கு இச்சலுகை ஐந்து ஆண்டுகள். மாணவர் அல்லாத ஆசிரியர், ஆராய்ச்சியாளர், பயிலுநர் ஆகியோருக்கு, கடந்த ஆறு ஆண்டுகளுள் இரண்டு ஆண்டுகள் இச்சலுகையை அனுபவித்திருந்தால் அது முடிந்துவிடும். முன்னர் மாணவராக அனுபவித்த ஆண்டுகளும் இதிற் சேரும்.

இங்கேதான் நம்மவர் பலரும் இடறுகின்றனர். ஈராண்டு என்றால் இருபத்துநான்கு மாதங்கள் என்று எண்ணுகிறோம். சட்டம் எண்ணுவதோ நாட்காட்டி ஆண்டுகளை. ஓர் ஆண்டின் எந்தவொரு நாளைத் தொட்டாலும் அவ்வாண்டு முழுவதும் செலவானதாகக் கொள்ளப்படும். டிசம்பர் 30 ஆம் திகதி விமானத்தால் இறங்குபவர், இரண்டு நாட்களுக்காக ஓர் ஆண்டையே இழக்கிறார். நமது வரிமதிப்பாண்டு ஏப்ரல் முதலாந் திகதி தொடங்குவது. அவர்களுடையது சனவரி முதலாந் திகதி தொடங்குவது. புறப்படும் திகதியைத் தெரிவு செய்யக் கூடியவர்கள் இதனைச் சற்று யோசித்துக் கொள்வது நன்று.

நமது ஆசிரியை 2023 ஓகஸ்டில் அங்கு சென்றார். எனவே 2023 ஓர் ஆண்டு, 2024 ஓர் ஆண்டு. சலுகை 2024 டிசம்பர் 31 உடன் தீர்ந்தது. பதினேழு மாதங்கள்கூட நிறையவில்லை. 2025 சனவரி முதலாந் திகதியிலிருந்து நாட்கள் எண்ணப்பட்டு, அவர் நாட்டைவிட்டு வெளியே செல்லாதிருந்தால், யூலை 2 ஆம் திகதி 183 ஆவது நாள் வந்துவிடும். அப்போது அவர் யூலையிலிருந்து அல்ல, சனவரி முதலாந் திகதியிலிருந்தே வதிபவராகக் கொள்ளப்படுவார். பாடசாலை அலுவலகம் சனவரியிலேயே கழிக்கத் தொடங்கியது இதனாலேதான்.

அந்தக் கழிவு யாது? சமூகப் பாதுகாப்பு வரி நூற்றுக்கு 6.2, முதியோர் மருத்துவத்துக்கான வரி நூற்றுக்கு 1.45, இரண்டும் சேர்ந்து 7.65. வதிவற்றவராக இருக்கும்வரை ஜே-1 விசாக்காரர் தமது பரிமாற்றப் பணிக்குப் பெறும் ஊதியத்தில் இவ்விரண்டையும் செலுத்த வேண்டியதில்லை. வதிபவரானதும் செலுத்தியே ஆகவேண்டும். ஊர் திரும்பும்போது இதனை மீளப் பெறலாமா என்று அவர் கேட்டார். இயலாது. அங்கே ஓய்வூதிய உரித்துப் பெறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டு உழைப்புக்கு ஈடான நாற்பது காலாண்டுகள் வேண்டும். சில நாடுகள் அமெரிக்காவுடன் உடன்படிக்கை செய்து, இரு நாட்டுச் சேவைக் காலங்களையும் கூட்டிக் கணக்கிட வழிசெய்துள்ளன. இலங்கைக்கு அத்தகைய உடன்படிக்கை இல்லை. ஆசிரியர் விசா மூன்றாண்டுக்கு வழங்கப்பட்டு, மேலும் ஓரிரு ஆண்டு நீடிக்கப்படலாம். ஐந்து ஆண்டு இருந்தாலும் நாற்பது காலாண்டு நிறையாது. வேறு வழியாகப் பின்னர் அங்கே உழைக்கச் செல்லாதவருக்கு அப்பணம் போனது போனதுதான். இதில் நியாயம் உண்டோவென்று என்னைக் கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் அந்த நியாயத்தைப் பாடசாலையின் சம்பள எழுதுவினைஞரிடம் கேட்டுப் பயனில்லை.

எனினும் வதிபவரானதிலே ஓர் ஆறுதலும் உண்டு. விளங்குவதற்காக அவரது ஆண்டுச் சம்பளம் 48,000 டொலர் என்று வைத்து, வேறு கழிவுகளை ஒதுக்கிவிடுவோம். புளோரிடாவில் மாநில வருமான வரி இல்லையாதலால் கணக்கு எளிது. வதிவற்றவருக்கு 'நியமக் கழிவு' கிடையாது. முதல் டொலரிலிருந்தே வரி தொடங்கும். ஆகவே 2024 இல் அவருக்கு வருமான வரி ஏறத்தாழ 5,613 டொலர். 2025 இல் வதிபவர் என்ற முறையில் 15,750 டொலரை நியமக் கழிவாக நீக்கலாம். வரி ஏறத்தாழ 3,632 டொலராகக் குறையும். ஒரு புறத்தில் 3,672 டொலர் சமூகப் பாதுகாப்பு முதலியவற்றுக்குப் போக, மறுபுறத்தில் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சுகிறது. நட்டம் நட்டந்தான்; அவர் எண்ணியிருந்த அளவுக்கு இல்லை. ஆனால் இந்தக் குறைவு மாதச் சம்பளத்திலே தெரியவேண்டுமாயின், டபிள்யூ-4 என்னும் படிவத்தைப் புதிதாக நிரப்பிக் கொடுக்க வேண்டும். பழைய படிவம் அவரை வதிவற்றவரென்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இவற்றை எழுதியதோடு, 2023 ஆம் ஆண்டின் சம்பளத் துண்டுகளையும் பார்க்கும்படி கேட்டேன். நான் ஐயுற்றவாறே இருந்தது. சமூகப் பாதுகாப்பு வரியும் முதியோர் மருத்துவ வரியும் பிடிக்கக் கூடாத அந்த முதல் நான்கு மாதங்களிலே, பாடசாலை அலுவலகம் உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பிடிப்பதுபோலவே இவருக்கும் 7.65 வீதம் பிடித்திருந்தது. 16,000 டொலரில் 1,224 டொலர். புதிய ஊரில், முதற் சம்பளத்தைக் கண்ட மகிழ்ச்சியில், யார் கழிவுகளை வாசிக்கிறார்கள்? இத்தகைய தவறு நேர்ந்தால் முதலில் வேலை கொள்வோரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலன்றி அரசிடம் போக முடியாது. மறுத்தால் 843, 8316 ஆகிய இரு படிவங்களை இறைவரிச் சேவைக்கு அனுப்பலாம். 2023 இற் பிடித்த பணத்தைக் கோருவதற்கு 2027 ஏப்ரல் 15 வரை தவணை உண்டு.

வதிபவரானதும் இன்னுமொரு வாசல் திறக்கிறது. இது நம்மவர் அறியாதது. வதிவற்றவர் அமெரிக்காவில் ஈட்டிய வருமானத்துக்கே அங்கே வரி செலுத்துவார். அங்குள்ள வங்கியில் இட்ட சேமிப்பின் வட்டிக்குங்கூட அவருக்குப் பொதுவாக வரியில்லை. வதிபவரோ உலகின் எப்பாகத்திலும் வரும் வருமானத்தைக் காட்ட வேண்டும். யாழ்ப்பாணத்திலுள்ள சீதன வீட்டின் வாடகை, கொழும்பு வங்கியில் உள்ள நிலையான வைப்பின் வட்டி, எல்லாம் இதில் அடங்கும். இலங்கையிற் செலுத்திய வரிக்கு ஈடு கோரலாம். ஆனால் கோருவதற்கு முதலில் வருமானத்தைக் காட்டியிருக்க வேண்டும். மேலும், வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டின் எந்த ஒரு நாளிலாவது 10,000 டொலரை மீறியிருந்தால், வரி விவரத்திரட்டுக்குப் புறம்பாகத் திறைசேரிக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். பெற்றோருடன் கூட்டாக வைத்திருக்கும் கணக்கும் இதிற் சேரும். இதற்கு வரி எதுவுமில்லை. அறிவியாமல் விட்டாற் குற்றப்பணம் மிகக் கடுமையானது. நமது ஆசிரியையின் பெயரிலே தாயாருடன் கூட்டாக ஒரு வைப்பு இருந்தது. அது தமது பணமன்று என்று அவர் எண்ணியிருந்தார்.

இனித் தம்பியின் கதை. அவரும் 2023 ஓகஸ்டில், பட்டமேற்படிப்புக்காக, ஜே-1 மாணவராகச் சென்றவர். மாணவருக்கு ஐந்து ஆண்டுச் சலுகையாதலால் 2027 முடியும்வரை அவர் வதிவற்றவரே. பல்கலைக் கழக நூலகத்தில் வேலை செய்து 2024 இல் 6,000 டொலர் ஈட்டினார். வதிவற்றவருக்குரிய விவரத்திரட்டு 1040-என்.ஆர். என்பது. அதன்படி முதற்படி வீதமான நூற்றுக்குப் பத்து, அதாவது 600 டொலர், அவர் கட்டவேண்டிய வரி. அத்தொகை சம்பளத்திலே முன்னரே பிடிக்கப்பட்டிருந்தது. அவரோ அறைத் தோழர்கள் சொன்னபடி, அமெரிக்கர் யாவரும் பயன்படுத்தும் கணினிச் செயலி ஒன்றிலே வெறும் 1040 படிவத்தை நிரப்பி அனுப்பினார். செயலி அவரை வதிபவராகவே கொண்டு, 2024 இன் நியமக் கழிவான 14,600 டொலரைக் கொடுத்தது. வரி ஒன்றுமில்லை என்று ஆகி, 600 டொலரும் திரும்பியது. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஆனால் கையொப்பமிட்ட பத்திரத்திலே பொய் இருந்தது.

முன்பு நிலைமை இவ்வளவு கடுமையன்று. 2017 வரை வதிவற்றவருக்கும் தனிநபர் விலக்கு ஒன்று இருந்தது. அவ்வாண்டில் அது 4,050 டொலர். 2018 இலிருந்து அது நீக்கப்பட்டது. ஆகவே அதற்கு முன் போய்வந்தவர்கள் தம் அனுபவத்தைக் கொண்டு கூறும் அறிவுரையை அப்படியே ஏற்கலாகாது. அறைத் தோழர் இந்தியராயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இந்தியா செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இந்திய மாணவர் வதிவற்றவராயினும் நியமக் கழிவைப் பெறலாம். அவருக்கு அது சட்டம். இலங்கை மாணவருக்கு அச்சலுகை இல்லை. நமக்கும் அமெரிக்காவுடன் இரட்டை வரியைத் தவிர்க்கும் உடன்படிக்கை உண்டு. 1985 இற் கையெழுத்தாகி 2004 இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு நாட்டின் உடன்படிக்கையும் வெவ்வேறு வாசகம் கொண்டது. ஒரே அறையிற் படுத்து ஒரே சம்பளம் பெறும் இருவர் வெவ்வேறு வரி கட்டுவது அங்கே சாதாரணம்.

தவறான படிவத்தின் விளைவை 2020 இற் பலர் கண்டனர். பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்க அரசு குடிமக்களுக்கும் வதிபவர்களுக்கும் நிவாரணப் பணம் அனுப்பியபோது, முன்னர் 1040 படிவத்தைத் தவறாக அனுப்பியிருந்த வெளிநாட்டு மாணவர் பலருக்கும் அது போய்ச் சேர்ந்தது. உரித்தற்ற அப்பணத்தை அவர்கள் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் வேறு விசாவுக்கோ நிரந்தர வதிவுக்கோ விண்ணப்பிக்கும்போது பழைய வரிப் பத்திரங்களைக் கேட்பதும் உண்டு. அன்று வந்த அறுநூறு டொலருக்கு அப்போது விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

ஊதியமே பெறாதவரும் செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. 8843 என்னும் படிவம் அது. எனது நாட்களை ஏன் எண்ணக் கூடாது என்பதற்கான அறிக்கை என்று அதனைக் கூறலாம். சலுகைக் காலத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். உடன் வந்த மனைவியும் குழந்தைகளும் தனித்தனியே அனுப்ப வேண்டும். தொட்டிற் குழந்தைக்கும் ஒரு படிவம் உண்டென்றால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆனால் அதனை அனுப்பாது விட்டால் அந்நாட்களை எண்ணாது விடும் உரிமை கைநழுவக் கூடும். ஜே-2 விசாவில் உடன் சென்ற கணவனோ மனைவியோ அனுமதி பெற்று வேலை செய்தால், சமூகப் பாதுகாப்பு வரி விலக்கு அவர்களுக்கு இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

திகதிகள் சில. வேலை கொள்வோர் சென்ற ஆண்டின் சம்பள விவரத்தை டபிள்யூ-2 படிவத்தில் சனவரி 31 இற்குள் தரவேண்டும். புலமைப்பரிசிற் பணத்துக்கு 1042-எஸ் என்னும் படிவம் மார்ச் 15 இற்குள் வரும். புலமைப்பரிசிலிற் பட்டம் பெறப் படிப்பவரின் கல்விக் கட்டணத்துக்கும் பாடநெறிக்குக் கட்டாயமான நூல்களுக்கும் உரிய பகுதிக்கு வரியில்லை. உணவு, உறையுள் முதலிய வாழ்க்கைச் செலவுக்குக் கிடைப்பதற்கு வரி உண்டு, அதிலிருந்து பொதுவாக நூற்றுக்கு 14 வீதம் முன்னரே பிடிக்கப்படும். இவ்விரண்டு படிவங்களும் கைக்கு வருமுன் அவசரப்பட்டு விவரத்திரட்டை அனுப்புவது பின்னர் திருத்தத்துக்கு இடமளிக்கும். சம்பளம் பெற்றவருக்கு இறுதித் திகதி ஏப்ரல் 15. 8843 படிவம் மாத்திரம் அனுப்புவோருக்கு யூன் 15. மாநில வரி வேறு. சில மாநிலங்களில் இல்லை, பலவற்றில் உண்டு. கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் நாடுகளுக்கிடையிலான வரி உடன்படிக்கைகளை ஏற்பதுமில்லை.

இக்காலத்துக்குரிய மற்றொரு தொல்லை தொலைபேசி வஞ்சகம். இறைவரிச் சேவையிலிருந்து பேசுகிறோம், உடனே பணம் அனுப்பாவிட்டாற் கைது செய்வோம், நாடு கடத்துவோம் என்று மிரட்டுவார்கள். உண்மையான இறைவரிச் சேவை பொதுவாக முதலிலே தபாலிற் கடிதம் அனுப்பும். கடைகளில் விற்கும் பரிசு அட்டைகளை வாங்கி அவற்றின் இலக்கத்தைச் சொல் என்று ஒருபோதும் கேட்பதில்லை. உதவி வேண்டுவோர் தமது பல்கலைக் கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை முதலில் விசாரிக்கலாம். சில இடங்களில், வதிவற்றவருக்குரிய விவரத்திரட்டிற் பயிற்சி பெற்ற தொண்டர்கள் இலவசமாக நிரப்பிக் கொடுக்கின்றனர்.

தம்பியார் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரே 1040-எக்ஸ் என்னும் திருத்தப் படிவத்துடன் சரியான விவரத்திரட்டையும் 600 டொலரையும் அனுப்பிவிட்டார். அப்பணத்திற் பாதியை ஏற்கெனவே ஒரு குளிரங்கிக்குச் செலவிட்டிருந்தமையால், மீதியைச் சகோதரி கடனாகக் கொடுத்தாராம். சகோதரியின் கோரிக்கைக்கு அலுவலகத்தார் முதலில் மறுமொழி தரவில்லை. கடவுச்சீட்டின் முத்திரை, வருகைப் பதிவு, பரிமாற்றத் திட்டத்தின் சான்றுப் பத்திரம் ஆகிய மூன்றின் பிரதிகளையும் இணைத்து எழுத்தில் மீண்டும் கேட்டபோது, 1,224 டொலரைத் திருப்பிக் கொடுத்து, 2023 ஆம் ஆண்டுக்குத் திருத்திய டபிள்யூ-2 படிவம் ஒன்றையும் வழங்கினர். தாயாருடனான கூட்டு வைப்பை 2025 ஆம் ஆண்டுக்குரிய அறிக்கையிற் காட்டுவதற்காக, அவ்வாண்டில் அதன் அதியுயர் இருப்பு எவ்வளவு என்று வங்கியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டியிருந்தது. 2026 சனவரியில் அவருடைய தாயாரை அழைத்துக்கொண்டு வங்கிக்குச் சென்றவன் நான். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம்.